தளத்துக் கம்பியைப் பார்க்கும் முன் டைல்ஸ் பார்க்காதீர்கள்

ராமேஸ்வரம் தீவில் இருக்கும் தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருப்பதன் சுருக்கம்: 1996இல் அப்பா கட்டிய கான்கிரீட் வீடு, 850 சதுர அடி, ஐந்து சென்ட் இடம். பாக் நீரிணைக் கரையிலிருந்து நூற்றைம்பது மீட்டர் இருக்கும். கடலைப் பார்த்த இரண்டு அறைகளில் மேல்தளத்தின் அடிப்பூச்சு உதிர்ந்து கம்பி தெரிகிறது. பழுது பார்த்து, டைல்ஸ் மாற்றி, மேலே ஓர் அறையும் எடுத்துத் தர ஒரு கான்ட்ராக்டர் ஒன்பது லட்சம் கேட்கிறார். மனைவி வீட்டாரோ, ‘அந்தக் காசை ஏன் உப்பில் போடுகிறீர்கள், ராமநாதபுரத்தில் பட்டணம்காத்தான் பக்கம் ரெடி வீடு ஒன்று 45 லட்சத்துக்கு வருகிறது, பிள்ளைகள் படிப்புக்கும் ஆகும்’ என்கிறார்கள். அப்பா ஊரைவிட்டு அசைய மாட்டேன் என்கிறார். தம்பிக்கு விசைப்படகில் பங்கு, மனைவி பள்ளி ஆசிரியை, அண்ணன் குவைத்தில், அக்காவை மண்டபத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறது. எது லாபம்?

தம்பி, கான்ட்ராக்டர் கொடுத்ததாக நீங்கள் எழுதியிருக்கும் கணக்கில் டைல்ஸுக்கு அளவு இருக்கிறது, பெயின்ட்டுக்குக் கம்பெனி பெயர்கூட இருக்கிறது. தளத்துக்கு மட்டும் ‘பேட்ச் ஒர்க்’ என்று ஒரே சொல். நம் கரையில் ஒரு வீட்டை வைத்துக்கொள்வதா, விட்டுவிட்டுப் போவதா என்பதை அந்த ஒரு சொல்தான் முடிவு செய்யும். அடுப்படி சின்னது, பிள்ளைகளுக்குத் தனி அறை இல்லை என்பதெல்லாம் அதற்கு அப்புறம் பேச வேண்டியவை.

உங்கள் வீட்டில் உப்பு இருக்கிறது, அதில் சந்தேகமே வேண்டாம். அது எங்கே இருக்கிறது, எப்படி வந்தது என்பதுதான் கேள்வி. நல்ல கான்கிரீட் கடும் காரத்தன்மை உள்ளது. அந்தக் காரம் இருக்கும்வரை உள்ளே இருக்கும் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் நின்று துருவைத் தடுக்கும். உப்பில் இருக்கும் குளோரைடு கம்பிவரை போய்ச் சேர்ந்தால் அந்தப் படலம் அங்கங்கே உடையும். துரு பிடித்த இரும்பு பழைய இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். இடம் இல்லாததால் கான்கிரீட்டைக் கீழே தள்ளும். நீங்கள் தரையில் பெருக்கி அள்ளும் பூச்சுத் துண்டுகள் அப்படி விழுந்தவைதான். பூச்சு உதிர்ந்ததால் கம்பி துருப்பிடித்தது என்று பலர் நினைக்கிறார்கள். நடந்தது தலைகீழ்.

அந்தக் குளோரைடு வர இரண்டு வழி உண்டு. ஒன்று, வெளியிலிருந்து. தீவின் வடக்கே பாக் நீரிணை, நம் பேச்சில் பெண் கடல்; தெற்கே மன்னார் வளைகுடா, அது ஆண் கடல். உங்கள் பக்கம் பெண் கடல் என்பதால் அலை பெரிதாக இருக்காது. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று நேராக உங்கள் வாசலில்தான் உப்பைக் கொட்டும். அது கான்கிரீட்டின் மேல்முகத்தில் படிந்து, ஈரத்தோடு சேர்ந்து, வருடக்கணக்கில் மெல்ல உள்ளே இறங்கும். காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், உலோகங்கள் கடற்காற்றில் எப்படி அரிக்கின்றன என்று பார்ப்பதற்காகவே மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருக்கிறது. அதற்கு நம் கரையைத் தேர்ந்தெடுத்தது சும்மா இல்லை. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும், கடற்காற்றைத் தாங்கும் சிறப்புப் பூச்சும் போட்டிருக்கிறார்கள். நம் வீடுகளில் இருப்பது சாதாரண முறுக்குக் கம்பி. அதற்குக் கீழே அரை அங்குலக் கான்கிரீட்.

இரண்டாவது வழி மோசமானது. கட்டும்போதே உப்பைக் குழைத்துப் போட்டுவிடுவது. உவர்க் கிணற்றுத் தண்ணீரில் கலவை போட்டிருப்பார்கள், கரை மணலைக் கழுவாமல் சேர்த்திருப்பார்கள், தளத்துக்கு அதே தண்ணீரைக் கட்டி நிறுத்தியிருப்பார்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குச் சேர்க்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தரக்குறியீடு ஐ.எஸ். 456இன் கணக்கு. கடல்நீரில் இருப்பது சுமார் 19,000. கடல் கலந்த கிணறு இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே வேண்டுமானாலும் நிற்கும். குடிக்க முடியாத அளவு உவர்ப்பு என்றால் வரம்பைத் தாண்டியிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளலாம். தீவுக்குச் சாலைப் பாலம் வந்தது 1988இல். அதற்கு முன் லாரி மணல் என்ற பேச்சே இல்லை, கைக்கு எட்டிய மணல்தான். உங்கள் வீடு 1996 என்பதால் ஆற்று மணல் வந்திருக்க வாய்ப்பு உண்டு. தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதை அப்பாவிடம் கேளுங்கள். கட்டிய கொத்தனார் உயிரோடு இருந்தால் அவரிடமும் கேளுங்கள். பணம் செலவில்லாத முதல் பரிசோதனை இது.

அடுத்தது நீங்களே செய்யலாம். ஒரு சின்னச் சுத்தியலை எடுத்துக்கொண்டு எல்லா அறையிலும் தளத்தின் அடியை, பீமை, சன்ஷேடை மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான இடம் ‘டங்’ என்று சொல்லும், விட்டுப்போன இடம் பொத்தென்று கேட்கும். பொத்தென்று கேட்கும் இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டு, தரையில் நின்று போட்டோ எடுத்து வையுங்கள். வட்டங்கள் கடல் பக்கத்து அறைகள், சன்ஷேடு, கைப்பிடிச்சுவர், குளியலறைத் தளம் என்று ஈரமும் காற்றும் படும் இடத்திலேயே நின்றுவிட்டால் உப்பு வெளியிலிருந்து வருகிறது என்று பெரும்பாலும் நம்பலாம். மழையோ காற்றோ எட்டாத நடு அறையிலும், உள்பீமிலும் வட்டம் விழுந்தால் கவலைப்பட வேண்டும். வெடிப்பு கம்பி ஓடும் கோட்டிலேயே நேராக ஓடுகிறதா என்றும் பாருங்கள். பூச்சில் வலை மாதிரி விழும் மெல்லிய கீறல்களுக்குப் பயப்பட வேண்டாம், அது பூச்சோடு போய்விடும்.

உறுதி வேண்டுமென்றால் தூள் எடுத்துச் சோதிக்க வேண்டும். தளத்தின் அடியில் ட்ரில் போட்டு, ஒரு சென்டிமீட்டர், இரண்டரை சென்டிமீட்டர், நான்கு சென்டிமீட்டர் என்று மூன்று ஆழத்தில் தனித்தனியாகத் தூளை எடுத்துக் குளோரைடு பார்க்கச் சொல்லுங்கள். வெளியே அதிகமாகவும் உள்ளே போகப் போகக் குறைந்தும் இருந்தால் காற்று கொண்டுவந்த உப்பு. மூன்று ஆழத்திலும் ஏறக்குறைய ஒரே எண் நின்று, அதுவும் கன மீட்டருக்கு 0.6 கிலோவைத் தாண்டியிருந்தால் கலவையிலேயே சேர்ந்த உப்பு. அந்த 0.6 என்பது புதிதாகப் போடும் கம்பிக் கான்கிரீட்டுக்கு ஐ.எஸ். 456 வைத்திருக்கும் மேல் வரம்பு. பொறியியல் கல்லூரிகளின் சிவில் துறை ஆய்வகங்களில் விசாரியுங்கள். தனியார் ஆய்வகங்களும் மதுரையிலிருந்து வந்து எடுத்துப் போகிறார்கள். கடல் பக்கத்து அறையில் ஓர் இடம், நடு அறையில் ஓர் இடம், குறைந்தது இந்த இரண்டிலாவது எடுக்க வேண்டும். உதிர்ந்த இடத்தில் மட்டும் எடுத்தால் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததைத்தான் அது சொல்லும்.

கூடவே, தெரியும் கம்பியைக் கம்பித் தூரிகையால் நன்றாகத் தேய்த்துவிட்டு வெர்னியரால் தடிமனை அளக்கச் சொல்லுங்கள். எட்டு மில்லிமீட்டர் கம்பி ஏழாக இளைத்திருந்தால் பார்வைக்கு ஒன்றும் ஆகாத மாதிரி இருக்கும். ஆனால் பலம் இருப்பது குறுக்கு வெட்டில். அங்கே 23 சதவீதம் போய்விட்டது. அந்த அளவுக்குப் போனால் பூசி மூடுவதில் பயனில்லை, பக்கத்தில் புதுக் கம்பி சேர்த்தே ஆக வேண்டும்.

இனி ‘பேட்ச் ஒர்க்’குக்கு வருகிறேன். உதிர்ந்ததைக் கொத்திவிட்டு, தெரிகிற கம்பிக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்து, சிமென்ட் கலவையை எறிந்து பூசுவதுதான் நம்மூரில் அந்தப் பெயரில் நடக்கிறது. இரண்டு மழைக்காலம் தாங்கும். பிறகு ஒட்டுப்போட்ட இடம் அப்படியே இருக்க, அதைச் சுற்றி வளையமாக உதிரும். காரணம் உண்டு. துருப்பிடித்துக்கொண்டிருந்த இடம் இதுவரை பக்கத்துக் கம்பியைத் தன்னை அறியாமல் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அதைப் புதுக் கலவையால் மூடியதும் அந்தக் காவல் போய், சுற்றி உப்பேறிய கான்கிரீட்டில் இருக்கும் கம்பி அரிக்கத் தொடங்குகிறது. சரியாகச் செய்வதென்றால் முதலில் தளத்துக்கு முட்டு கொடுக்க வேண்டும். கம்பிக்குக் கீழே மட்டுமில்லாமல் மேலேயும் ஓர் அங்குலம் வரை கொத்தி, கம்பி முழுச்சுற்றும் வெளியே தெரிய வேண்டும். துருவை வெள்ளி தெரிகிறவரை எடுத்து, நல்ல தண்ணீரால் கழுவி, துருத் தடுப்புப் பூச்சு கொடுத்து, ஒட்டுப்பூச்சு காயும் முன் பாலிமர் கலந்த கலவையையோ மைக்ரோ கான்கிரீட்டையோ நிரப்ப வேண்டும். வேலை மெதுவாக நடக்கும், காசும் அதிகம். ஒன்பது லட்சத்தில் டைல்ஸும் மாடி அறையும் போக இதற்கு எவ்வளவு மிஞ்சும் என்று கான்ட்ராக்டரையே கேளுங்கள்.

அந்த மாடி அறையை இப்போதே மறந்துவிடுங்கள். நான் தளத்தைப் பார்க்காமலே சொல்லக்கூடிய ஒரே விஷயம் அதுதான். கீழே கம்பி தெரியும் தளத்தின் மேல் சுவர் ஏற்றுவது கூடவே கூடாது. ஒழுகுகிறது என்று மேலே இன்னொரு அடுக்குக் கான்கிரீட் போடச் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். 850 சதுர அடியில் இரண்டு அங்குலம் போட்டால் ஒன்பதரை டன் கூடும். ஒழுக்கை நிறுத்த வேண்டும் என்றால் பழைய தட்டோட்டைப் பெயர்த்து எடுத்துவிட்டு, வாட்டம் சரிசெய்து, எடை குறைவான நீர்த்தடுப்புப் பூச்சு போடலாம். ஒழுக்கை நிறுத்தினாலே அரிப்பின் வேகம் அடங்கும். துருவுக்கு உப்பு மட்டும் போதாது, ஈரமும் வேண்டும்.

உங்கள் கேள்வியில் இரண்டே வழிதான் இருந்தன. மூன்றாவது ஒன்று உண்டு. சுவர் செங்கல்லாக இருந்து, அஸ்திவாரம் இறங்காமல் இருந்தால், தளத்தை மட்டும் எடுத்துவிட்டுப் புதுத் தளம் போடலாம். கலவையில் உப்பு என்று பரிசோதனை சொன்னால் அதுதான் வழி; அந்த நிலையில் ஒட்டுப்போடுவது உப்பை நீக்காது. புதுத் தளம் போடும்போது கடலோரத்தை ஐ.எஸ். 456 ‘கடுமையான சூழல்’ என்று வகைப்படுத்தியிருப்பதைக் கான்ட்ராக்டருக்கு நினைவூட்டுங்கள். அந்த வகைக்குக் குறைந்தது எம் 30 வலிமைத் தரக் கான்கிரீட், கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் மூடல். அவர் வழக்கமாகப் போடுவது எம் 20, மூடலுக்காகக் கம்பிக்கு அடியில் வைப்பது கைக்குக் கிடைத்த ஜல்லிக்கல். இன்றைக்குச் சதுர அடிக்கு இரண்டாயிரத்துக்குக் கீழே யாரும் புது வீட்டில் கை வைப்பதில்லை. தீவு என்றால் லாரி வாடகையும் ஏறும். 2,300 என்று வைத்தால் இதே அளவு வீட்டை அடியிலிருந்து கட்ட 19 லட்சத்து 55 ஆயிரம். தளத்தைச் சரிசெய்யும் நேர்மையான மதிப்பீடு, அலங்காரம் நீங்கலாக, அதில் பாதியைத் தாண்டினால் நான் பழைய வீட்டில் காசு போடச் சொல்ல மாட்டேன்.

உங்கள் கொல்லையில் பவளக்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய அறை ஏதாவது நிற்கிறதா? இடைஞ்சல் என்று அதைத்தான் முதலில் இடிக்கிறார்கள். பனஞ்சட்டம் போட்ட அந்தச் சுவருக்குள் துருப்பிடிக்க இரும்பு கிடையாது. அதனால்தான் கான்கிரீட் வீட்டுக்கு முன்பே எழுந்தும் நிற்கிறது. சிமென்ட் பூசாமல் சுண்ணாம்பே பூசி வைத்தால் வலை வைக்கவாவது ஆகும். இடித்தால் அந்தக் கல் மறுபடி கிடைக்காது. பவளம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது.

அடுத்தது காகிதம். இதை ராமநாதபுரத்துக்காரர்கள்கூடச் சரியாகப் பேசுவதில்லை. நூற்றைம்பது மீட்டர் என்று சொன்னீர்கள். கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, நம் ஊர்வாய்ச் சொல்லில் சிஆர்இசட், உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை பிடிக்கும். 2011 அறிவிக்கையில் கிராமப்புறக் கரைக்கு முதல் 200 மீட்டர் புதுக்கட்டுமானம் கூடாத பகுதி. மீனவர்கள் போன்ற பாரம்பரியக் கடலோரச் சமூகத்தாருக்கு 100 மீட்டருக்கு அப்பால் வீடு கட்டத் தனிச் சலுகை வைத்திருந்தார்கள். 2019 அறிவிக்கை, 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் நெருக்கம் உள்ள ஊருக்கு அந்த 200 மீட்டரை 50 மீட்டராகக் குறைத்தது, மற்ற ஊருக்கு 200 மீட்டரே. உங்கள் சர்வே எண் எந்த வரைபடத்தில் எந்தப் பகுதியில் விழுகிறது என்பதைக் கலெக்டர் அலுவலகத்தில், கடலோர மண்டல மேலாண்மைக் குழுவின் மாவட்டப் பிரிவில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், அந்தப் பகுதிக்குள்ளும் அனுமதி பெற்ற பழைய வீட்டைப் பழுது பார்க்கவும் திரும்பக் கட்டவும் விதி இடம் தருகிறது. நிபந்தனை, இருக்கிற தரைப்பரப்பையும், மனைக்கு எத்தனை மடங்கு கட்டியிருக்கிறது என்று சொல்லும் தளப்பரப்புக் குறியீட்டையும் தாண்டக்கூடாது. கீழ்வீட்டைச் சரிசெய்வது உங்கள் உரிமைக்குள் வரலாம். மாடியில் ஓர் அறை எடுத்தால் தளப்பரப்பு கூடுகிறது, அங்கே விதி மீறல் தொடங்கலாம். தளம் தாங்காது என்று சொன்ன அதே அறையைச் சட்டமும் தாங்காது போலிருக்கிறது. இன்னொன்று: வீடு நிற்கும்போதுதான் அது ‘இருக்கிற வீடு’. பட்டா, வீட்டு வரி ரசீது, மின் இணைப்புத் தேதி, பழைய பிளான் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் சேர்த்து, நான்கு பக்கமும் போட்டோ எடுத்து, அனுமதி கையில் வாங்கும்வரை ஒரு செங்கல்லையும் பெயர்க்காதீர்கள். இடித்துவிட்டு அனுமதிக்கு அலைந்தவர்கள் ஓலைக்கொட்டகையில் வருடக்கணக்கில் உட்கார்ந்திருப்பதைக் கரை நெடுக, தொண்டி முதல் வாலிநோக்கம் வரை, காட்ட முடியும்.

வீடு அப்பா பெயரில், பணம் உங்களுடையது. இதையும் வேலைக்கு முன்னால் பேசி முடித்துவிடுங்கள். அக்காவுக்கும் அண்ணனுக்கும் நாளைக்குப் பங்கு உண்டு, நீங்கள் போட்ட லட்சங்கள் எந்தப் பத்திரத்திலும் இருக்காது. அப்பா இருக்கும்போதே மூன்று பேரையும் வைத்துப் பேசி, யாருக்கு எது என்று முடிவு செய்து செட்டில்மென்ட் எழுதிக்கொள்ளலாம். குடும்பத்துக்குள் என்பதால் முத்திரைத் தீர்வைக்கும் பதிவுக் கட்டணத்துக்கும் உச்சவரம்பு உண்டு. 2023 ஜூலையில் உயர்த்திய பிறகு முறையே 40,000, 10,000 ரூபாய். அண்ணன் குவைத்திலிருந்து அனுப்பும் பணமும் இதில் கலந்தால், எவ்வளவு, எதற்கு என்று ஒரு தாளில் எழுதி வாட்ஸ்அப்பிலாவது அனுப்பிவிடுங்கள். அக்காவை ‘கட்டிக்கொடுத்தாச்சு’ என்று கணக்கில் விடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. சட்டம் அப்படி விடுவதில்லை.

டவுன் வீட்டுக்கு வருவோம். 45 லட்சத்தோடு கணக்கு நிற்காது. பத்திரத்தில் காட்டும் தொகை, அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு இரண்டில் எது கூடுதலோ அதன்மேல் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். முழுத்தொகைக்குப் பதிந்தால் 4 லட்சத்து 5 ஆயிரம். மனைவி பெயரில் வாங்கினால் ஒரு சதவீதம் குறையும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள்; அந்தச் சலுகை 10 லட்சம் மதிப்புவரை உள்ள சொத்துக்குத்தான். தரகு, மின் இணைப்புப் பெயர் மாற்றம், முதல் வருடச் சில்லறை வேலைகள் சேர்ந்தால் 50 லட்சத்தைத் தொட்டுவிடும். அதில் 30 லட்சம் கடன், 8.5 சதவீத வட்டி, 20 வருடம் என்று வைத்தால் மாதம் 26,000 ரூபாய். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் படகு கரையில் நிற்கும், தவணை நிற்காது. மனைவி சம்பளத்தில்தான் அந்தக் கடன் ஓடும் என்பதை இரண்டு பேரும் முகத்துக்கு முகம் பேசியிருக்கிறீர்களா? அவர் பழைய வரி முறையில் இருந்தால், வாங்கிய வீட்டுக் கடனின் வட்டியில் வருடம் 2 லட்சம் வரை கழிக்கலாம், பழுதுக்கு வாங்கிய கடனுக்கு 30,000தான். புதிய வரி முறையில், குடியிருக்கும் வீட்டுக்கு இரண்டும் இல்லை.

பழைய வீட்டை விற்று ஈடுகட்டலாம் என்று எண்ண வேண்டாம். கம்பி தெரியும் தளம், சிஆர்இசட் எல்லை இரண்டையும் வைத்துக்கொண்டு வரும் விலை மண்ணின் விலைகூட இருக்காது. அப்பாவும் அங்கேதான் இருப்பார். ஆக டவுனில் வாங்கினாலும் தங்கச்சிமடத்துத் தளத்தைச் சரிசெய்யும் செலவு உங்களைவிட்டுப் போகாது. இரண்டு வீட்டுச் செலவு, ஒரு வீட்டுச் செலவோடு மோதவில்லை; அதை உள்ளடக்கியே வருகிறது. உங்கள் மனைவி வீட்டாரின் கணக்கில் விடுபட்டிருப்பது இதுதான்.

டவுன் வீட்டிலும் அதே சுத்தியலைக் கொண்டுபோங்கள். கடற்காற்று கரையிலிருந்து சில நூறு மீட்டருக்குள்ளேயே வெகுவாகச் சுமை இறக்கிவிடும், ராமநாதபுரத்தில் அந்தத் தொல்லை குறைவு என்பது உண்மை. ஆனால் நிலத்தடி நீர் அங்கேயும் பல இடங்களில் உவர். விற்பதற்காகக் கட்டிய வீட்டில் கலவைக்கு எந்தத் தண்ணீர் போட்டார்கள் என்று கேளுங்கள். போர்த் தண்ணீர் என்று பதில் வந்தால் அந்த போரிலிருந்து ஒரு பாட்டில் பிடித்துச் சோதனைக்குக் கொடுங்கள். புது வீட்டில் பத்து வருடம் ஒன்றும் தெரியாது, வெள்ளையடித்துப் பளபளவென்று இருக்கும். இன்னொன்று, வைகை கடைசியாக வந்து சேரும் பெரிய கண்மாய் இருக்கிற ஊர் அது. பள்ளமாகக் கிடந்த இடங்கள் மனையாகியிருக்கின்றன. வீட்டைக் கோடையில் பார்த்து அட்வான்ஸ் கொடுக்காதீர்கள், கார்த்திகை மழையில் ஒருதரம் போய்த் தெருவில் நின்று பாருங்கள். வில்லங்கச் சான்று, மனைக்கு நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் (டி.டி.சி.பி.) அனுமதி, கண்மாய் அல்லது ஓடைப் புறம்போக்கு சேர்ந்திருக்கிறதா என்பதெல்லாம் வக்கீல் பார்ப்பார். தண்ணீர் எந்த உயரத்துக்கு வந்தது என்பதைப் பக்கத்து வீட்டு அம்மாதான் சொல்வார்.

பிள்ளைகள் படிப்பு என்ற காரணம் மட்டும் எனக்குக் கனமாகப் படுகிறது. நாற்பது கிலோமீட்டருக்கு மேல் தினமும் போய் வருவது சின்ன விஷயமில்லை. 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்று, புதுப் பாலம் திறக்கும்வரை தீவுக்கு ரயிலே இல்லாமல் இருந்ததும் உங்களுக்குத் தெரியும். அதற்கு வீடு வாங்கித்தான் ஆக வேண்டுமா? ஒரு கல்வியாண்டு டவுனில் வாடகைக்கு எடுங்கள். விடியற்காலை இரண்டு மணிக்குக் கடலுக்குப் போகிற நாள்களில் நீங்கள் எங்கே படுக்கிறீர்கள், அப்பாவுக்கு யார் சோறு வைக்கிறார்கள், மனைவிக்குப் பள்ளி மாற்றல் கிடைக்கிறதா என்பதெல்லாம் அந்த ஒரு வருடத்தில் வெளிச்சமாகிவிடும். அதே வருடத்தில் தங்கச்சிமடத்து வீடு காலியாகக் கிடைக்கும், தளத்து வேலையும் தூசி தொல்லை இல்லாமல் நடக்கும். அப்பாவைக் கொல்லை அறையிலோ அக்கா வீட்டிலோ இரண்டு மாதம் வைத்துக்கொள்ளலாம்; மண்டபம் என்றால் பாலத்துக்கு அந்தப் பக்கம்தானே, ஒத்துக்கொள்வார்.

நீங்கள் எழுதியதை மட்டும் வைத்து என் கணிப்பைக் கேட்டால்: கடல் பக்கத்து இரண்டு அறை மட்டும் என்பதால் வாடைக்காற்றும் ஒழுக்கும் சேர்ந்து செய்த வேலையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அப்படியானால் அந்த இரண்டு அறைத் தளத்தை முறையாகச் சரிசெய்து, மேலே நீர்த்தடுப்பு போட்டு, கடல் பக்கத்து சன்ஷேடுகளை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டு, மீதிப் பணத்தைக் கையில் வைத்துக்கொள்வேன். டவுனில் வாங்குவதை இந்த வருடம் செய்ய மாட்டேன். நடு அறைத் தூளிலும் உப்பு ஏறியிருந்தால் என் பேச்சு மாறும். அப்போது முழுத் தளத்தையும் எடுக்கும் செலவையும், மாடி எடுக்க முடியாத இடம் என்பதையும் சேர்த்து வைத்துத்தான் டவுன் வீட்டோடு ஒப்பிட வேண்டும். அந்தத் தராசில் டவுன் வெல்லவும் கூடும்.

எது செய்தாலும் வேலைத் தேதியைத் தடைக்காலத்தில் வையுங்கள். பெருமழைக் காலம் இல்லை, நீங்களும் கரையில் இருப்பீர்கள். சித்தாள் எந்தக் குடத்தில் தண்ணீர் எடுக்கிறார் என்று பார்க்க வீட்டு ஆள் ஒருவர் நிற்க வேண்டும். கலவைக்கும், ஊற வைக்கவும் டேங்கர் நன்னீர் மட்டும், அதன் செலவு யாருடையது, கம்பிக்கு எத்தனை மில்லிமீட்டர் மூடல், அந்த மூடலுக்குக் கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் பிளாக் எந்த அளவு, கொத்திய தளத்தை நீங்கள் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் மூட வேண்டும் என்ற ஐந்தையும் ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். முடிந்த வேலையை நீங்கள் பார்க்காமல் கடைசித் தவணையைக் கொடுத்துவிடாதீர்கள். தூள் சோதனை முடிவு வந்ததும் இரண்டு இடத்துக்கும் மூன்று மூன்று எண்களையும், கம்பியின் அளவையும், சாக்பீஸ் வட்டம் போட்ட போட்டோக்களையும் அனுப்புங்கள். கம்பி சேர்த்தால் போதுமா, தளத்தையே எடுக்க வேண்டுமா என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.